'1902 ஸ்டான்லி' இழைப்புளி: பளபளப்பைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

சேலத்தில் ஒரு பழைய சாமான் வியாபாரி, "ஏற்காடு எஸ்டேட் பங்களாவுல இருந்தது, 1902 மாடல், முழுசா சரிபண்ணியாச்சு" என்று 9,500 ரூபாய்க்கு விற்ற, அமெரிக்க ஸ்டான்லி கம்பெனியின் 5-ஆம் எண் இழைப்புளி (மரம் இழைக்கும் கருவி) இது. திருப்பிக் கொடுக்கப் போனால், "பழைய சாமான்னா முன்னபின்னதான் இருக்கும் சார்" என்பதோடு பேச்சு முடிந்தது. கடைப்பெயர் வேண்டாம். கழற்றியதும் தெரிந்ததைச் சொன்னாலே போதும்.

முதலில் வருஷம். அலகு சாய்ந்து நிற்கும் ஃபிராக்குக்கு (அலகைத் தாங்கும் சாய்வுக் கட்டைக்கு) பின்னால், உடலின் வார்ப்பிலேயே மூன்று தேதிகள் இருக்கின்றன: 1902 மார்ச் 25, 1902 ஆகஸ்ட் 19, 1910 ஏப்ரல் 19. மூன்றும் காப்புரிமைத் தேதிகள், செய்த தேதி அல்ல. 1910-ஐத் தாங்கிய உடல் 1902-ல் எப்படி வந்திருக்கும்? மூன்று தேதி உள்ள உடல்கள் சுமாராக 1910 முதல் 1918 வரை வந்தவை. அலகில் 'மேட் இன் இங்கிலாந்து' முத்திரை. ஸ்டான்லி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உற்பத்தி தொடங்கியதே 1930-களின் பிற்பகுதியில்தான். ஆக, அலகு பின்னாளில் மாற்றியது. அலகு தேயும், மாற்றுவார்கள், அது குற்றமில்லை. மாற்றியதைச் சொல்லாமல் 'ஒரிஜினல் செட்' என்று விலை போட்டதுதான் குற்றம்.

பெரிய மோசடி கறுப்புப் பெயின்டுக்கு அடியில் இருந்தது. வாயிலிருந்து (அலகு வெளியே நீட்டும் அடிப்பக்கப் பிளவிலிருந்து) பக்கச் சுவர் வரை விரிசல். பித்தளை வைத்துப் பற்றவைத்து, மேலே பட்டி போட்டு மூடியிருக்கிறார்கள். வார்ப்பிரும்பை ஒரே இடத்தில் சூடாக்கினால் உடல் கோணும். அதை மறைக்க அடிப்பக்கத்தை பெல்ட் சாண்டரில் (ஓடும் உப்புத்தாள் பட்டை மெஷினில்) தேய்த்ததில் மூக்கும் வாலும் கரைந்து நடு மேடாகிவிட்டது. ஸ்டீல் ஸ்கேலை நீளவாக்கில் நிறுத்தினால் வால் பக்கம் 0.4 மி.மீ. தகடு தாராளமாக நுழைகிறது. இப்படி ஆட்டம் போடும் இழைப்புளியில் பலகை ஒருநாளும் மட்டமாகாது.

வாங்கும் முன்பே இதைப் பிடிக்க வழி இருக்கிறது. சின்னக் காந்தத்தைப் பக்கச் சுவரில் மெல்ல இழுத்துக்கொண்டே போங்கள். பித்தளையும் பட்டியும் உள்ள இடத்தில் பிடி தளரும். பெயின்ட் இல்லாத இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, ஐந்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்குப்பொடி தூவினால், விரிசல் இருக்கும் இடத்தில் ஈரக்கோடு எழும்பும்.

திருகாணிகளையும் கழற்றிப் பாருங்கள். ஃபிராக்கைப் பிடிக்கும் திருகாணிகள் சுமார் 5.5 மி.மீ. கனம், அங்குலத்துக்கு 20 புரி. கடையில் கிடைக்காத அளவு. அதனால் ஓட்டையை அகலப்படுத்தி எம்6 (6 மி.மீ. மெட்ரிக் திருகாணி) அளவுக்குப் புரி வெட்டிவிடுகிறார்கள். அப்புறம் பழைய உதிரித் திருகாணி கிடைத்தாலும் பொருந்தாது.

அலகை சாணையில் தண்ணீர் காட்டாமல் தீட்டியிருக்கிறார்கள். முனை நீலமாகிவிட்டால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போச்சு என்று அர்த்தம். பாலிஷ் போட்டால் நீலம் போகும், பதம் திரும்பாது. முனை ஓரத்தில் புது அரத்தை லேசாக ஓட்டுங்கள்: வழுக்கினால் நல்லது, தகரம் போலக் கடித்தால் கெட்டது. இந்த அலகில் 6 மி.மீ. வரை கடித்தது. அவ்வளவையும் கையால், தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தேய்த்தெடுத்த பிறகுதான் கூர் நின்றது.

துருவை ஆசிட்டில் எடுத்ததற்கு அடையாளம் மங்கிய முத்திரையும் சாம்பல் நிறமும். புரிகளில் தங்கிய ஆசிட் ஏற்காட்டுப் பனியில் இரண்டே நாளில் செந்துருவாக வெளியே வரும். உடனே சமையல் சோடா கரைத்த நீரில் முக்கி, காயவைத்து எண்ணெய் பூசுங்கள்.

அதே கடையில் 'காஸ்ட் ஸ்டீல்' முத்திரை போட்ட உளிகளைச் சேலம் பக்கத்துக் கஞ்சமலையின் இரும்பு என்று விற்கிறார்கள். ஆங்கிலேயரான ஜோசையா ஹீத் 1830-களில் சேலத்துத் தாதுவைப் பரங்கிப்பேட்டை ஆலையில் உருக்கியதும், 1839-ல் உருக்கில் மாங்கனீசு சேர்க்கக் காப்புரிமை வாங்கியதும் உண்மை. ஆனால் அந்த முத்திரை ஷெஃபீல்டில் பல பட்டறைகள் தலைமுறை தலைமுறையாக மூசை உருக்குக்கு (மண் குடுவையில் உருக்கிய எஃகுக்கு) அடித்தது. அதை வைத்து ஊரையும் சொல்ல முடியாது, வருஷத்தையும் சொல்ல முடியாது.