மெட்ரோவா, சில்லுக்கருப்பட்டியா?

கே.கே. நகரில் ஒரு மொட்டைமாடியில் அவ்வப்போது படம் போடும் எங்கள் கூட்டத்தில் எல்லோருமே முப்பதைத் தாண்டியவர்கள். பாதிப் பேர் வேலைக்காக மதுரைக்கு வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். நகரத்துத் தனிமையும் காதலும் கலந்த, பல கதைகள் கொண்ட படம் ஒன்று போடலாம் என்றதும் கடைசியில் இரண்டு பெயர்கள் நின்றன: அனுராக் பாசுவின் இந்திப் படம் 'லைஃப் இன் எ மெட்ரோ' (2007), ஹலிதா ஷமீமின் 'சில்லுக்கருப்பட்டி' (2019). மெட்ரோவைத்தான் போட்டோம். மறுபடி கேட்டாலும் என் கை அதற்குத்தான் உயரும்.

மொழி, பாட்டு பற்றியெல்லாம் நீட்ட வேண்டாம். ஒன்றுக்கு சப்டைட்டில் வேண்டும், மற்றதற்கு வேண்டாம். பிரீதமின் பாட்டுக் குழு மும்பைத் தெருக்களில் திடீர் திடீரென வந்து பாடுவது சிலருக்குப் பிடித்தது, சிலருக்கு இடைஞ்சல்.

என்னைப் பொறுத்தவரை தீர்மானித்தது கதைகள் பின்னியிருக்கும் விதம். சில்லுக்கருப்பட்டியில் நான்கு கதைகள்; ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மெட்ரோவில் அப்படியில்லை. கால் சென்டரில் வேலை பார்க்கும் ராகுல், பதவி உயர்வுக்காகத் தன் ஃபிளாட் சாவியை மேலதிகாரிகளுக்குக் கொடுக்கிறான். (இந்தச் சாவி யோசனை பில்லி வைல்டரின் 1960-ஆம் வருடப் படமான 'தி அபார்ட்மென்ட்'டிலிருந்து வந்தது.) அந்தச் சாவியை வாங்கிப்போகும் ரஞ்சித் அங்கே கூட்டி வருவது நேகாவை, ராகுல் மனசுக்குள் வைத்திருப்பதும் அவளைத்தான். ரஞ்சித்தின் மனைவி ஷிகா. ஷிகாவின் தங்கை ஸ்ருதி, நேகாவோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவள். ஒருவர் தன் தனிமைக்குத் தேடும் மருந்து, இன்னொருவர் வீட்டில் போய் வலியாகிறது. தனித்தனிக் கதைகளில் இது வராது. அங்கே ஒரு ஜோடியின் சிக்கல் அந்த ஜோடியோடு முடிந்துவிடும்.

மதுரையில் இந்தச் சாவிக் கதை நடக்குமா என்று படம் முடிந்து பெரிய விவாதம். நடக்கவே நடக்காது. "பேச்சிலரா? வீடு இல்லப்பா" என்று ஆரம்பிக்கும் ஊர். அப்படியே கொடுத்தாலும் ஓனர் கீழ்வீட்டில் இருப்பார், பத்து மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார். ஆனால் அந்த முடிச்சு மட்டும் அப்படியே நம்ம ஊர்தான். அண்ணாநகரில் பெண் பார்க்கப் போனால், காபி கொண்டுவருகிறவர் நம் ஆபீஸ் தோழியின் சித்தியாக இருப்பார். அதனாலோ என்னவோ, வரன் தேடும் ஸ்ருதியும் அவளைப் பார்க்க வரும் மான்டியும், அதாவது கொங்கனா சென் சர்மாவும் இர்பான் கானும் வந்த காட்சிகளில்தான் மாடியில் சிரிப்பு அதிகம். இருவருக்கும் துணை நடிப்புக்கான ஃபிலிம்ஃபேர் விருது கிடைத்தது நியாயம்தான். இர்பான் பேச்சில் இன்னும் என்னென்ன நக்கல் இருந்ததோ, சப்டைட்டிலில் பார்த்த எனக்கு முழுதும் பிடிபட்டிருக்காது.

சில்லுக்கருப்பட்டி ஜெயிக்கிற இடமும் உண்டு. வயதானவர்களின் காதல் இரண்டிலும் வருகிறது. தர்மேந்திராவும் நஃபீசா அலியும் கண்ணைக் கசக்கவைக்கப் பார்க்கிறார்கள். லீலா சாம்சனும் ஸ்ரீராமும் சும்மா பேசிக்கொண்டே நடந்து அதைவிட ஆழமாகப் போய்விடுகிறார்கள். சமுத்திரக்கனி, சுனைனா கதையும் நல்ல கதை. கேட்டால் பதில் பேசும் குரல் கருவியோடு மனைவி பேச ஆரம்பிக்கும் இடம் சுருக்கென்று தைக்கும். ஆனால் அந்த வருத்தம் வீட்டுக்குள்ளேயே சரியாகிவிடுகிறது. மெட்ரோவில் ஷிகாவுக்கு அவ்வளவு சுலபமாக எதுவும் சரியாவதில்லை. கல்யாணம் ஆனவர்களுக்கு எது உண்மைக்குப் பக்கம் என்று தனிக்கட்டையான நான் சொல்வது சரிப்படாது.

அப்புறம், வீட்டில் அம்மா அப்பாவோடு உட்கார்ந்து பார்ப்பதாக இருந்தால் யோசிக்காமல் சில்லுக்கருப்பட்டியைப் போடுங்கள். மெட்ரோவில் ரிமோட்டைத் தேட வைக்கும் காட்சிகள் உண்டு.