துணைப் பாத்திரத்துக்கு எண்ணா, அடையாளமா, பெயரா?

வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு காட்சி. வாரிசுச் சான்றிதழ் கேட்டு வரும் நாயகியை, மேசைக்குப் பின்னால் இருப்பவர் மூன்றே வசனங்களில் திருப்பி அனுப்புகிறார்; அதன்பின் படத்தில் அவர் வருவதில்லை. திரைக்கதையில் அவரை 'எழுத்தர் 1' என்று குறிக்கலாம், 'சாப்பாட்டுப் பையோடு கிளம்பி நிற்கும் எழுத்தர்' என்று எழுதலாம், அல்லது 'பரமசிவம் (52)' என்று பெயரும் வயதும் கொடுக்கலாம்.

எண் கூட்டத்துக்கு உரியது. மறியலில் முழக்கமிடுபவர்களில் யார் எந்த வரியைச் சொன்னாலும் கதை மாறாது என்றால், 'தொண்டர் 1', 'தொண்டர் 2' போதும். ஆனால் வீட்டைச் சோதனையிட வந்த இருவரில் ஒருவர் அதட்ட, மற்றவர் தயங்குகிறார் என்றால், எண்ணிட்ட காவலர்களில் தயங்கியவர் யார் என்று படிப்பவர் முந்தைய பக்கத்தைத் திரும்பப் புரட்ட வேண்டிவரும்.

பெயர் வைப்பதில் சிக்கல் அதிகம். 'பரமசிவம்' என்று படித்தவுடன், இவர் மீண்டும் வருவார் என்று தயாரிப்பாளரும் நடிகரும் எண்ணிக்கொள்கிறார்கள். முதல் பத்துப் பக்கங்களில் இப்படிப் பதினைந்து பெயர்கள் வந்தால் நாயகியின் பெயரே அவற்றுக்குள் தொலைந்துபோகும். வசனத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைக்காவிட்டால் பார்வையாளருக்கு அது தெரியப்போவதும் இல்லை. மேலும், நம் பெயர்கள் மதத்தையும் தலைமுறையையும், பல வேளைகளில் ஊரையும் சாதியையும் சேர்த்தே சொல்லிவிடுகின்றன. லஞ்சம் கேட்பவருக்கும் வட்டிக்கு விடுபவருக்கும் யோசிக்காமல் வைக்கும் பெயர், எழுதியவர் எண்ணாத பழியை ஒரு சமூகத்தின்மேல் போட்டுவிடக்கூடும். இதைச் சிறிய விஷயமாக என்னால் கருத முடியவில்லை.

ஆகவே, ஒரு காட்சியோடு போகிறவருக்கு அடையாளமே சிறந்தது என்பது என் முடிவு. அந்த அடையாளம் கேமராவில் தெரிவதாக இருக்க வேண்டும். 'நேர்மையற்ற எழுத்தர்' என்பது வெறும் தீர்ப்பு. சாப்பாட்டுப் பையோ நடிகரின் கைக்கு வேலை தருகிறது, காட்சிக்கான பொருள்களை ஏற்பாடு செய்யும் கலைப் பிரிவுக்கு ஒரு பொருளைச் சொல்கிறது, அவருடைய அவசரத்தையும் காட்டிவிடுகிறது. முழு விவரத்தையும் அறிமுக வரியில் ஒருமுறை எழுதிவிட்டு, வசனங்களுக்கு மேல் 'எழுத்தர்' என்று மட்டும் போடலாம். ஆங்கிலத் திரைக்கதையில் முதல் அறிமுகம் பெரிய எழுத்துகளில் வரும். தமிழில் அந்த வசதி இல்லாததால் தடித்த எழுத்தையோ அடிக்கோட்டையோ பயன்படுத்தலாம்.

வினைமுற்றும் அறிமுகத்தின் பகுதிதான். 'டீக்கடைக்காரர் நிமிர்ந்து பார்க்கிறார்' என்பதிலும் 'டீக்கடைக்காரன் நிமிர்ந்து பார்க்கிறான்' என்பதிலும் நாம் காண்பது ஒரே மனிதரை அல்ல. அதிகாரிக்கு 'ஆர்' விகுதியும் துப்புரவுப் பணியாளருக்கு 'ஆன்' விகுதியும் பழக்கத்தால் வந்து விழுகின்றன. அந்த வேறுபாடு நடிகரைத் தேர்ந்தெடுப்பவர் மனத்திலும், பிறகு நடிப்பிலும் தங்கிவிடுகிறது. கதைக்குத் தேவைப்பட்டாலன்றி அதை அனுமதிக்கக் கூடாது.

எதைத் தேர்ந்தாலும் பிரதி முழுவதும் அதுவே தொடர வேண்டும். ஒருவேளை அந்த எழுத்தர் மீண்டும் வருபவராக இருந்து, பன்னிரண்டாம் காட்சியில் 'எழுத்தர்', நாற்பதாம் காட்சியில் 'பரமசிவம்' என்று எழுதப்பட்டிருந்தால், நடிகர் பட்டியல் போடும் உதவி இயக்குநர் இருவர் என்று கணக்கிட்டு இரண்டு கால்ஷீட் கேட்பார். பெயர் பின்னால்தான் வெளிப்பட வேண்டும் என்றால், வெளிப்படும் காட்சியில் 'எழுத்தர் / பரமசிவம்' என்று ஒருமுறை இணைத்து எழுதி, அதன்பின் பெயரையே தொடரலாம்.