பீச் ஸ்டேஷன் பக்கம் போனால் அத்தோ சாப்பிடாமல் வராதீர்கள்

சென்னை பாரிமுனை செகண்ட் லைன் பீச் ரோட்டில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டிகள் வரிசையாக இருக்கும், அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் சொல்கிறேன். போர்டு கிடையாது, நின்றபடிதான் சாப்பிட வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து, நம் முகத்தைப் பார்த்தே காரத்தை முடிவு செய்கிறார் அண்ணன். அந்தக் கைப்பக்குவம்தான் அத்தோ, ஸ்பூனால் கிளறினால் வேறு ஏதோ ஆகிவிடும். கூடவே வாழைத்தண்டு சூப் (பர்மாவின் மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சூப்பின் நம்மூர் வடிவம்; அங்கே மீன் போடுவார்கள், இங்கே சைவம்), அப்புறம் பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்த முட்டை. முட்டையை விட்டுவிடாதீர்கள்.

பர்மாவில் 1962 ராணுவ ஆட்சிக்குப் பிறகு கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொள்ள, கப்பலேறி வந்த தமிழர்கள் கொண்டுவந்த ருசி இது. பர்மா பஜாரும் அவர்கள் போட்டதுதான்.

குறை என்றால் எண்ணெய் கொஞ்சம் தாராளம், கை கழுவ இடம் சரியில்லை. மாலையில் போங்கள், சூப்பை இன்னொரு முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் ஊற்றுகிறார்கள்.