டோர்ஸா, ஜாமாவா?

பினாங்கின் பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவி வடிவமைக்கும் அணிகளில் இருக்கும் நம்மவர்கள் அடிக்கடி கேட்பது இது: கருவி என்னென்ன செய்ய வேண்டும் என்ற தேவைகளைப் பதிந்து பின்தொடர எந்த மென்பொருள் நல்லது, ஐபிஎம் டோர்ஸா, ஜாமா கனெக்டா?

டோர்ஸ் நெடுநாள் அனுபவம் கொண்டது. 2008இல் டெலிலாஜிக் நிறுவனத்தோடு சேர்ந்து ஐபிஎம் வசம் வந்தது. விமானம், பாதுகாப்பு, வாகனத் துறைகளில் வேரூன்றியது. ஆயிரக்கணக்கான தேவைகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் அதற்குரிய சோதனையோடு இணைத்து வைக்கும். டிஎக்ஸ்எல் என்ற அதன் சொந்த நிரல்மொழி தெரிந்தால் நம் விருப்பத்துக்கு வளைக்கலாம். அதுவே அதன் பலவீனமும்கூட: அந்த மொழி தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் அணி தவித்துவிடும். உலாவியில் இயங்கும் டோர்ஸ் நெக்ஸ்ட் தனி மென்பொருள். இரண்டையும் குழப்பிக்கொண்டு விலை கேட்காதீர்கள்.

ஜாமா உலாவியிலேயே ஓடும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது மறுஆய்வு வசதி. பினாங்கில் வடிவமைப்பவர் எழுதிய தேவையின் கீழேயே, கோலாலம்பூரில் இருக்கும் தரப் பிரிவினர் கருத்தெழுதி ஒப்புதல் தரலாம். மின்னஞ்சல் தேடி அலைய வேண்டாம். ஒரு தேவை மாறினால் அதைச் சார்ந்த இணைப்புகளுக்கு எச்சரிக்கைக் குறி விழும். இது டோர்ஸிலும் உண்டு. ஆனால் புதியவருக்கு ஜாமா சீக்கிரம் கைவரும்.

மருத்துவக் கருவித் தர மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 13485 தணிக்கைக்குத் தயாராகும் சிறிய அணி என்றால் என் தேர்வு ஜாமாதான். உங்கள் வாடிக்கையாளர் ஏற்கெனவே டோர்ஸில் வேலை செய்கிறார் என்றால் டோர்ஸையே எடுங்கள். எதுவானாலும், உங்கள் சொந்தத் தேவைகள் ஐம்பதை ஏற்றிச் சோதித்த பிறகே கையெழுத்திடுங்கள்.