குவெஸ்ட் 3எஸ் இற்கு மலிவான தலைப்பட்டி: துணியா, பின்பிடியா, நெற்றி வளையமா?

பங்குனி வெயில் தொடங்கின பிறகு இந்தக் கேள்வியை என்னிடம் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மெட்டா குவெஸ்ட் 3எஸ் (தலையில் மாட்டிக் கண்ணுக்கு முன்னால் விளையாட்டும் படமும் காட்டுகிற விஆர், அதாவது மெய்நிகர், ஹெட்செட்) வைத்திருக்கிறீர்கள், பெட்டியோடு வந்த துணிப் பட்டியைப் போட்டு இருபது நிமிடம் விளையாடினால் கன்னம் இரண்டும் சிவந்து, கண்ணுக்குக் கீழே கோடு விழுந்து, எப்போது கழற்றுவோம் என்று ஆகிவிடுகிறது. என்ன வாங்கலாம்? என் முடிவை முதலே சொல்கிறேன்: யாழ்ப்பாணத்து வெக்கையில், அளவான காசில், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பற்றரி இல்லாத நெற்றி வளையப் பட்டி. ஆனால் எல்லா வீட்டுக்கும் அதுதான் சரி என்று சொல்ல மாட்டேன். யார் யார் போடுகிறார்கள், நின்று விளையாடுகிறார்களா, சாய்ந்திருந்து படம் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்து விடை மாறும்.

3எஸ் இன் பாரம் 514 கிராம். அரைக் கிலோ என்பது பெரிய பாரமில்லை, ஆனால் அது முழுக்க முகத்துக்கு முன்னால் தொங்குகிறது, அதுதான் சிக்கல். வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம். முன்பாரம் கீழே இழுக்கும்போது நாங்கள் பட்டியை இறுக்குகிறோம், இறுக்க இறுக்க அது கன்னத்தில் அமத்துகிறது. பட்டிகளுக்குள் உள்ள வேறுபாடு எல்லாம் இந்தப் பாரத்தை எங்கே கொண்டுபோய் இறக்குகின்றன என்பதில்தான் இருக்கிறது. மென்மையான பஞ்சு, பளபளப்பான தோல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

3எஸ் காரர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே மெட்டாவின் விலை கூடிய குவெஸ்ட் 3 இல் இருப்பது பான்கேக் என்கிற புது வகை மெல்லிய வில்லை, 3எஸ் இல் வட்ட வட்டமாக வரி வெட்டிய பழைய ஃப்ரெனெல் வில்லை. ஃப்ரெனெலில் தெளிவாகத் தெரிகிற நடுப்பகுதி சிறியது. ஹெட்செட் மூக்கில் கொஞ்சம் வழுக்கி இறங்கினாலே எழுத்துகள் கலங்கிவிடும். என் மருமகன் முதல் கிழமை முழுக்க “மாமா, எல்லாம் மங்கலாக் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தான், நான் வில்லை இடைவெளியை மாற்றி மாற்றிப் பார்த்தேன் (அதில் இருப்பதே மூன்று நிலைதான்: 58, 63, 68 மில்லிமீற்றர்). பிழை அதில் இல்லை, பட்டியில். ஹெட்செட் நின்ற இடத்தில் நிற்கவில்லை.

முதலில் துணிப் பட்டி, ஏனென்றால் அதற்குக் காசு கொடுத்து முடிந்துவிட்டது. பெரும்பாலானோர் இதைப் பிழையாகத்தான் போடுகிறார்கள். பக்கத்து இழுப்பை இறுக்கி, உச்சிப் பட்டியைத் தளர விட்டுவிடுகிறார்கள். மாறிச் செய்யுங்கள். பின்பக்கம் பிரிந்து நிற்கிற பட்டியின் கீழ்க்கிளையைப் பின்மண்டை மேட்டுக்குக் கீழே, பிடரிக்கு மேலே இறக்கி வையுங்கள், பிறகு உச்சியில் உள்ள வெல்க்ரோவை இழுத்து ஹெட்செட்டை மேலே தூக்குங்கள், கடைசியாகப் பக்கங்களை விழாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் இழுங்கள். இப்படிச் செய்தால் பத்து நிமிடம் என்பது அரை மணித்தியாலம் ஆகும். கிழமைக்கு ஒருநாள் எடுத்து ஒரு படம் பார்த்துவிட்டு வைக்கிறவர் என்றால் இதோடு நின்றுவிடலாம், வேறு எதுவும் வாங்க வேண்டாம். ஆனால் குதித்து ஆடுகிற விளையாட்டுக்கு இது காணாது. இன்னொன்று, ஒவ்வொருவரும் போடும்போது பின்னால் அந்த இழுப்பைத் தேடித் தேடி மாற்ற வேண்டும், நாலு பேர் உள்ள வீட்டில் அது பெரிய கரைச்சல்.

அடுத்தது பின்பிடிப் பட்டி. பின்னால் கெட்டிப் பிளாஸ்ரிக் கிண்ணம், அதில் ஒரு திருகு, திருகினால் இறுகும். மெட்டாவே விற்கிற எலைட் பட்டி இந்த வகை, 69.99 டொலர். டொலருக்கு 300 ரூபாய் என்று போட்டாலும் இருபதாயிரத்தைத் தாண்டுகிறது, வரி வேறு. திருநெல்வேலியில் ஒரு நண்பரிடம் வாங்கி ஒரு கிழமை போட்டுப் பார்த்தேன். போடுவதும் கழற்றுவதும் நல்ல சுகம், பிடி உறுதி, குனிந்தாலும் அசையாது. ஆனால் காசு கொடுத்த அளவுக்குக் கன்னம் ஆறுகிறதா என்றால் இல்லை. பின்னால் பிடித்து முகத்தோடு சேர்த்து இழுப்பதுதான் அதன் வேலை, அதனால் அமத்தல் குறைகிறதே தவிரப் போகவில்லை.

இதே வடிவத்தில் பெயர் தெரியாத மலிவுப் பட்டிகள் நிறைய வருகின்றன. இவற்றில்தான் மிகக் கவனமாக இருக்கச் சொல்வேன். நான் ஒன்று வாங்கினேன். ஆறாவது கிழமை திருகின் உள்ளே இருக்கிற பல் தேய்ந்து, ஒவ்வொரு முறை தலையை வெட்டித் திருப்பும்போதும் ‘கிளிக்’ என்று ஒரு பல் பின்னுக்குப் போனது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகிக்கொண்டே விளையாட வேண்டியிருந்தது, கடைசியில் பக்கக் கையில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு வந்தபோது கழற்றி வைத்துவிட்டேன். இந்த வடிவத்தில் அழுத்தம் முழுக்க அந்தப் பிளாஸ்ரிக் கைகளில்தான் ஏறுகிறது. குவெஸ்ட் 2 வந்த 2020 இல் மெட்டாவின், அப்போதைய ஃபேஸ்புக்கின், எலைட் பட்டியே வெடிக்கிறது என்று முறைப்பாடு வந்து, விநியோகத்தைக் கொஞ்சக் காலம் நிறுத்தி வைத்தார்கள். அவர்களுக்கே அப்படி என்றால் மலிவான அச்சில் வார்த்ததை எப்படி நம்புவது? தரையில் விழப்போவது பட்டி இல்லை, ஹெட்செட்.

இனி நெற்றி வளையம். 2016 இல் வந்த சோனியின் பிளேஸ்டேசன் விஆர் ஹெட்செட் இந்த வடிவத்தைப் பலருக்குப் பழக்கியது. ஒரு வளையம் நெற்றியையும் பின்மண்டையையும் சுற்றிப் பிடிக்கும், பாரத்தை நெற்றி வாங்கும், ஹெட்செட் அதிலிருந்து கண்ணுக்கு முன்னால் தொங்கும். கன்னத்தைத் தொடவே தேவையில்லை. மலிவில் பலரும் வாங்குவது போபோவிஆர் என்ற நிறுவனத்தின் எம்3 மினி பட்டி, வெளிநாட்டில் 30 டொலர் அளவில் கிடைக்கிறது, எலைட்டின் பாதி விலைகூட இல்லை. குவெஸ்ட் 3, 3எஸ் இரண்டுக்கும் பொருந்தும்.

போட்ட முதல் நாளே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரு மணித்தியாலம் மேசைப்பந்து விளையாடிவிட்டுக் கழற்றினேன், முகத்தில் கோடு இல்லை. அதைவிடப் பெரிய விசயம் காற்று. முகமும் பஞ்சும் இறுக ஒட்டாததால் கீழிருந்து காற்று போய்வருகிறது, வில்லையில் ஆவி படிவது நன்றாகக் குறைந்துவிட்டது. மின்விசிறிக்கு நேரே நின்றால் கண்ணில் காற்றுப் படுவது தெரியும். சித்திரை மாதத்தில் கொக்குவிலில் ஓட்டு வீட்டுக்குள் பின்னேரம் மூன்று மணிக்கு விளையாடிப் பார்த்தவருக்கு இந்த வசதியின் பெறுமதி விளங்கும்.

குறைகளும் உண்டு. மூக்கடியால் வெளிச்சம் வரும். வேகமாகத் தலையாட்டினால் ஹெட்செட் ஊஞ்சல் மாதிரி கொஞ்சம் ஆடும். பாரம் முழுக்க நெற்றியில் என்பதால் சிலருக்கு நெற்றி நோகும், அப்படியானவர்கள் உச்சிப் பட்டியும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். வளையம் புருவத்துக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். கீழே வைத்தால் அமத்தும், நடு நெற்றிக்கு ஏற்றினால் சரியாகிவிடும்.

நெற்றிப் பஞ்சைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேலே போர்த்தியிருப்பது செயற்கைத் தோல். எங்கள் வீட்டில் தலைக்கு நல்லெண்ணெய் வைக்கிறோம், காலையில் திருநீறு பூசுகிறோம், அதன்மேல் வேர்வை. மூன்றும் சேர்ந்து இரண்டு மாதத்தில் அந்தத் தோலின் விளிம்பு சின்னச் செதில்களாக உரியத் தொடங்கிவிட்டது. அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் அம்மா ஒரு முழம் வெட்டி, இரண்டு மடிப்பாக்கி, ஓரத்தில் இலாஸ்ரிக் வைத்து உறை தைத்துத் தந்தார். இப்போது இரண்டு உறை மாறி மாறித் தோய்க்கிறோம், வேர்வையைத் துணி குடிக்கிறது, பஞ்சு பத்திரமாக இருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய எந்த மேலதிகச் சாமானைவிடவும் இது உதவியது. முகத்துப் பஞ்சிலும் கவனம் தேவை: 2021 இல் குவெஸ்ட் 2 இன் முகப்பஞ்சு சிலருக்குத் தோல் எரிச்சல் கொடுத்ததால், அமெரிக்காவில் மட்டும் சுமார் 40 இலட்சம் ஹெட்செட்டுகளுக்கு சிலிக்கன் உறை கொடுக்க வேண்டி வந்தது. பஞ்சைக் காய வைக்கிறதென்றால் கழற்றித் தனியாகக் காய வையுங்கள். ஹெட்செட்டோடு முற்றத்து வெயிலில் வைத்தால், வில்லை வழியாக வெயில் குவிந்து உள்ளே இருக்கிற திரையைப் பொசுக்கிவிடும். ஒரு நிமிடம்கூட வைக்க வேண்டாம்.

தலைமயிர் விசயமும் இருக்கிறது. அக்கா கொண்டை போட்டிருந்தால் பின்பிடிக் கிண்ணம் கொண்டையில் முட்டி மேலே ஏறிவிடும். வளையம் கொண்டைக்குக் கீழே போகும், அதனால் ஓரளவு சரி. ஒற்றைப் பின்னலுக்குத் துணிப் பட்டிதான் ஆக நல்லது, பிரிவுக்கு நடுவால் பின்னலை எடுத்துவிடலாம்.

பற்றரி உள்ள பட்டி வேண்டுமா? 3எஸ் ஒரு முறை ஏற்றினால் மெட்டாவின் கணக்கில் சராசரி இரண்டரை மணித்தியாலம் ஓடும். போபோவிஆர் எம்3 புரோவில் பின்னால் காந்தத்தில் ஒட்டுகிற பற்றரி, தீர்ந்தால் இன்னொன்றை மாற்றலாம். பின்னால் பாரம் இருப்பதால் முன்பாரம் சமப்பட்டு, மினியைவிட நிலையாக நிற்கும். ஆனால் மொத்தப் பாரம் கூடுகிறது, முகம் சுகப்படும், கழுத்து அதைச் சுமக்கும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் விளையாடுகிறவருக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். சமநிலை மட்டும் வேண்டுமென்றால் ஏற்கனவே வீட்டில் இருக்கிற பவர் பாங்கை வெல்க்ரோ நாடாவால் பின்னால் கட்டிப் பாருங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பாங்க் 200 கிராம் அளவில் இருக்கும். வாய் வளைந்த சின்ன யூஎஸ்பி-சி கேபிள் ஒன்றும் வேண்டும், நேரான கேபிள் தோளில் தட்டித் தட்டி ஹெட்செட்டின் துளையைத்தான் கெடுக்கும். வெக்கை நாளில் பவர் பாங்க் சூடாகிறதா என்று கை வைத்துப் பாருங்கள், தலையோடு ஒட்டி இருப்பதால் அலட்சியம் வேண்டாம்.

எங்கள் ஊரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பெரும்பாலும் இந்தச் சாமான் கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வருகிற சொந்தக்காரரின் பெட்டியில்தான் வருகிறது. பற்றரி இல்லாத பட்டி எங்கேயும் செருகி வரலாம். தனியே கழறுகிற பற்றரி என்றால் அதைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்குப் பெட்டியில் போட்டால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அதை முதலே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாங்கச் சொல்லும்போது ‘குவெஸ்ட் பட்டி’ என்று மட்டும் சொல்லாமல் 3எஸ் என்று எழுத்தில் அனுப்புங்கள். குவெஸ்ட் 2 இன் பட்டி இதில் பொருந்தாது, 3 இன் பட்டி பொருந்தும்.

புதுப் பட்டி வந்ததும் துணிப் பட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்பா இரவில் சாய்மனைக் கதிரையில் சாய்ந்துதான் படம் பார்ப்பார். பின்பிடியோ வளையமோ என்றால் பின்மண்டைக்கும் கதிரைத் துணிக்கும் நடுவே கட்டையாக நின்று தலையை முன்னுக்குத் தள்ளும். அவர் எடுக்கும்போது நான் வளையத்தைக் கழற்றித் துணியை மாட்டிக் கொடுக்கிறேன், அரை நிமிட வேலை.