உப்பும் தண்ணீரும் போதும் என்றார்கள்: மின்பகுப்பு நீரால் கம்பளம் கழுவிய அனுபவம்

யாழ்ப்பாணத்தில் நான் செய்வதுபோல, மட்டக்களப்பில் கம்பளம், சோபா கழுவும் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் போன வாரம் அழைத்தார். மின்பகுப்பு நீர் இயந்திரத்தின் விலை இறங்கியிருக்கிறதாம், வாங்கலாமா என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. என் இயந்திரத்தில் தண்ணீருக்குள் மின் பாயும் பகுதியான மின்பகுப்புக் கலத்தை மாற்றிவிட்டு, அதற்கே அழுக்குத் தண்ணீரை எடுக்கும் புதிய உறிஞ்சி இயந்திரம் ஒன்றின் விலையில் பாதியைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். தொலைபேசியில் கொஞ்சம் சூடாகவே பதில் சொன்னேன். இங்கே நியாயமாக எழுதப் பார்க்கிறேன்.

இயந்திரத்தின் வேலை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். உப்பு நீரில் மின்னைச் செலுத்தினால் எதிர்த் தகடான கதோட்டுப் பக்கம் காரநீர் வரும், நேர்த் தகடான அனோட்டுப் பக்கம் ஐப்போகுளோரசு அமிலம் என்ற குளோரீன் சேர்மம் கலந்த நீர் வரும். முதலாவது எண்ணெய்ப் பிசுக்கைக் கிளப்பும். இரண்டாவது கிருமியையும் நாற்றத்தையும் பார்த்துக்கொள்ளும். விளம்பரத் தாளில் "இரசாயனமே இல்லை" என்று போட்டிருப்பது சுத்தப் பொய். குளோரீன் மணம் மூக்கில் அடிக்கும்போது இரசாயனம் இல்லை என்று எப்படிச் சொல்வது? கடையில் கலன் கலனாகச் சவர்க்காரத் திரவம் வாங்க வேண்டியதில்லை, வேலை முடிந்ததும் கம்பளத்தில் சவர்க்காரம் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. உண்மை அவ்வளவுதான், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

கல்யாண மண்டபங்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அங்கே விரிக்கும் கம்பளங்கள் பெரும்பாலும் பொலிப்புரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை. சந்தனம், பாயாசம், சாம்பார், குத்துவிளக்கு எண்ணெய் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். ஷாம்புவுக்கு எண்ணெய் போகும், மஞ்சள் போகாது. ஒரு மண்டபத்தில் பந்தி அறை வாசலில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளத்தில் காரநீரைத் தெளித்தேன். மறுகணமே மஞ்சள் கறை செங்கல் நிறத்துக்கு மாறியது. மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கரைத்து ஆலாத்தி எடுக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மண்டப முகாமையாளருக்கு அந்த நேரத்தில் ஆலாத்தி எங்கே நினைவுக்கு வந்தது? "என்ன தம்பி செய்கிறீர், இருந்ததையும் கெடுத்துவிட்டீரே" என்று தலையில் கை வைத்தார். "கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு, தூரிகையால் தேய்த்து, நீரை உறிஞ்சி எடுத்து, மற்றப் பக்கத்து நீரைத் தெளித்தேன். முதலில் இழைகளின் நுனியில் கறை வெளுத்தது. பிறகு அந்த வெளுப்பு மெல்ல அடிவரை இறங்கியது. முகாமையாளர் குனிந்து விரலால் இழையைப் பிரித்துப் பார்த்தார். அந்த வெளுப்பைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுப்பதில்லை. வெற்றிலைச் சாறு மட்டும் எதற்கும் மசிவதில்லை, மங்குவதோடு சரி.

இன்னொரு நன்மை மெதுவாகத்தான் தெரிந்தது. ஷாம்புவை எவ்வளவு அலசினாலும் இழையில் கொஞ்சம் தங்கும், அந்தப் பிசுக்கில் புழுதி ஏறும். உரும்பிராய், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் புழுதிக்கு அது வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தமாதிரி. நான் வழக்கமாகக் கழுவும் விடுதியொன்றின் படிக்கட்டுக் கம்பளம் முன்னர் விரைவிலேயே கறுத்துவிடும். இப்போது அவர்கள் என்னை அழைக்கும் இடைவெளி நீண்டுவிட்டது. கழுவுகிறவனுக்கு அது நட்டம், அது வேறு விடயம். வீடுகளில் வேறு தொல்லை. நுரையும் இல்லை வாசமும் இல்லை, வெறும் தண்ணீருக்கா காசு என்று ஒரு அம்மா கேட்டார். உறிஞ்சிய அழுக்குத் தண்ணீரை வாளியில் ஊற்றிக் காட்டிய பிறகுதான் தேநீர் வந்தது.

இனி என் வயிற்றெரிச்சல். விற்றவர்கள் இயந்திரத்தைக் கொழும்பில் வைத்துத்தான் இயக்கிக் காட்டினார்கள். கொழும்புக் குழாயில் வருவது பெரும்பாலும் களனி கங்கைத் தண்ணீர். யாழ்ப்பாணத்தில் கங்கைக்கு எங்கே போவது? மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் எங்களுக்குக் கிணறுதான், கிணற்றுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்தான். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எல்லா வீட்டிலும் உள்ள காட்சி. கலத்துக்குள் அதே வேலை பல மடங்கு வேகமாக நடக்கிறது. கதோட்டுத் தகட்டை ஒட்டிக் காரத்தன்மை ஏறியதும் தண்ணீரிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் அங்கேயே படிந்து இறுகிவிடுகின்றன. தகட்டுக்கும், இரண்டு பக்கத்து நீரையும் பிரிக்கும் மென்சவ்வுக்கும் இடையில் உள்ள ஒடுக்கமான வழி அடைபடும். காரநீர் நூலாக ஒழுகும். மற்றப் பக்கத்து நீரில் குளோரீனைக் காட்டும் சோதனைத் தாளைத் தோய்த்தால் கரு ஊதாவாக வர வேண்டியது வெளிறிய ஊதாவாக வரும்.

வினாகிரியை ஓடவிட்டால் படிவு கரையும். ஆனால் அதற்கு முன் கலத்தை வெறும் தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். மிஞ்சிய அனோட்டு நீரில் அமிலம் பட்டால் குளோரீன் வாயு கிளம்பும். கையேட்டில் இதைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் போட்டிருக்கிறார்கள், முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டியதை! மின்னின் துருவத்தை, அதாவது நேர், எதிர் பக்கங்களை, மாற்றி ஓடவிட்டாலும் படிவு கழன்று விழும், ஆனால் தைத்தேனியத் தகட்டின் மேலுள்ள ருத்தேனியம் ஒட்சைட்டுப் பூச்சு அதில் தேய்ந்துகொண்டே போகும். எனக்குப் போனது அந்தப் பூச்சுத்தான். பழுது பார்த்தவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்கள் தண்ணீர் சரியில்லை, உத்தரவாதத்தில் வராது" என்றார். தண்ணீர் சரியில்லையாம்! "உப்பும் தண்ணீரும் போதும்" என்று சொல்லி விற்ற இடத்திலிருந்து வந்தவர்தான் அவரும்.

இப்போது கிணற்றுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில், கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிசினில் பிடித்துவைக்கும் மென்னீராக்கி ஒன்று நிற்கிறது. அதன் பிசினைக் கழுவுவதற்கும் உப்பு வேண்டும். அந்த உப்புக் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஆனையிறவு உப்பளம் பக்கத்தில் இருக்க, நான் கொழும்பிலிருந்து சுத்திகரித்த உப்பைப் பஸ்ஸில் வரவழைக்கிறேன். சாதாரணக் கடலுப்பில் கல்சியமும் மக்னீசியமும் இருப்பதால் கலத்துக்கு ஆகாது. தாழையடியில் 2024 இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள், அந்தக் குழாய் எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து ஓட்டினால் இயந்திரம் முனகாமல் வேலை செய்யும். ஆனால் அந்த மழையில் கம்பளம் காயாது, காயாத கம்பளம் நாறும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுக்காரர் வந்து விடுதிகள் நிரம்பி, வேலை குவியும் நாட்களிலோ கிணறு அடியில் கிடக்கும்.

கம்பளி விரிப்புக்கு இதைத் தொட வேண்டாம். காரம் கம்பளியை மஞ்சளாக்கிப் பலவீனப்படுத்தும், குளோரீன் அதன் புரதத்தையே தாக்கும். அதற்கு நான் இன்னும் பழைய ஷாம்புதான். இயந்திரத்தில் வரும் தண்ணீரை அன்றன்றைக்கு எடுத்து அன்றன்றைக்கு முடிக்க வேண்டும். எங்கள் வெயிலில் வாகனத்துக்குள் வைத்தால் வீரியம் இறங்கிவிடும்.

ஷாம்புச் செலவு குறைந்தது உண்மை. மஞ்சள் கறைக்காகவே சில மண்டபங்கள் என்னைத் தேடி வருவதும் உண்மை. இருந்தும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன், இன்றைக்குக் கேட்டாலும் அதுதான் பதில். "அப்படியென்றால் உங்களுடையதை எனக்குத் தந்துவிடுங்கள்" என்றார். அது மட்டும் முடியாது என்றேன். அவருக்கு உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிறது, குளத்துத் தண்ணீரில் எங்கள் கிணற்றளவு சுண்ணாம்பு இருக்காது. அடுத்த மாதம் யாழ்ப்பாணம் வரும்போது ஒரு கலனில் பிடித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். புதுக் கலத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம். படிவு வந்தால் வினாகிரி ஊற்றிக் கழுவுவது அவர் பொறுப்பு.