யோசிக்க நேரம் பிடித்துத் தரும் திருகு டைமர்

சமையலறைக்கென்று விற்கிற 60 நிமிடத் திருகு டைமர் இது. பேட்டரி கிடையாது, உள்ளே சுருள்வில், பல்சக்கரம், ஒரு மணி, அவ்வளவுதான். இத்தாலிக்காரர் பிரான்செஸ்கோ சிரிலோ 1980களின் கடைசியில் 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு என்று முறை வகுத்தது தக்காளி வடிவத்தில் இருந்த இப்படியொரு டைமரை வைத்துத்தான். ஆழ்ந்து யோசிக்க அந்த 25 பத்தாது. விஷயத்துக்குள் இறங்கவே பத்துப் பதினைந்து நிமிடம் போய்விடும். 50 வையுங்கள்.

முதுகில் காந்தம் உள்ளதாகப் பார்த்து வாங்கி, உங்கள் மேஜையில் வைக்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். இதன் அருமையே அங்கேதான். "கொஞ்ச நேரம் கூப்பிடாதீங்க" என்றால் அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் எட்டிப் பார்ப்பார்கள். டைமர் கண்ணெதிரே நகர்ந்தால், மணி பார்க்கத் தெரியாத பிள்ளைகூட "முள்ளு சைபருக்கு வந்தா அம்மா வந்துருவாங்க" என்று காத்திருக்கும். மணி அடித்ததும் எழுந்து வந்துவிட வேண்டும். இரண்டு நாள் தவறினால் பிள்ளை டைமரை நம்பாது.

உட்காருமுன் ஒரே ஒரு கேள்வியைத் தாளில் எழுதுங்கள். "மகளை எங்கே சேர்ப்பது?" என்பது பரந்த கேள்வி, மனம் அலையும். "விடுதியில் சேர்த்தால் மாதச் செலவில் எதைக் குறைப்பது?" என்றால் பிடி கிடைக்கும். முடிக்கும்போது எங்கே நிறுத்தினோம், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டு எழுந்திருங்கள். முடியாத வேலையில் மனதின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009இல் எழுதினார். அந்த ஒரு வரி இருந்தால் அடுப்படியில் நிற்கும்போது மனசும் அடுப்படியில் இருக்கும்.

திருகுவதில்தான் பலர் தவறுகிறார்கள். நேரே குறைந்த நிமிடத்துக்குத் திருப்பினால் வில் போதிய அளவு முறுக்கேறாது. மணி "டிங்" என்று ஒருதரம் முனகி நின்றுவிடும். முதலில் 60 வரை திருகி, பிறகு வேண்டிய நிமிடத்துக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். கீழே விழுந்தால் சக்கரம் சிக்கி நடுவழியில் நின்றுபோகும். மலிவானவை ஓரிரு நிமிடம் முன்பின் காட்டும். யோசிக்கிற வேலைக்கு அது குறையில்லை.

போனில் இல்லாத டைமரா? இருக்கிறது, அதை எடுத்த கை வாட்ஸ்அப்பைத் திறக்கும். போன் ஹாலில் இருக்கிறவர் கையில் இருக்கட்டும். பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள்.

குழாயில் தண்ணீர் வரும் நேரமும் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் நேரமும் ஆகாது. வேன் போன பிறகோ விடியுமுன்போ வையுங்கள். ஆடி மாத ஒலிபெருக்கிக்கும், சித்திரைத் தேர் சுற்றும் நாளில் மதுரை மாசி வீதிகளின் சத்தத்துக்கும் இந்த டைமரிடம் மருந்தில்லை. கைக்குழந்தை தூங்கும் வீட்டுக்கு மணி ஒத்துவராது, அதிர்வு தரும் பேட்டரி டைமர் பாருங்கள்.

மதுரை விளக்குத்தூண் பக்கம் பாத்திரக் கடையில் வாங்கினால், அங்கேயே முழுக்கத் திருகி 5 நிமிடத்துக்கு வைத்து, ஸ்டீல் பீரோவில் ஒட்டிப் பாருங்கள். மணி அடிக்கும்போது அது வழுக்கி இறங்கினால் காந்தம் பத்தாது, வேறு கேளுங்கள்.